திருத்திக் கொடுத்த வாக்கியம்

செம்மலின் கண்ணுக்குப் பிழை தப்பாது. ஓட்டல் பலகை, கல்யாணப் பத்திரிகை, ஆட்டோவின் முதுகு என்று எங்கே ஆங்கிலம் எழுதியிருந்தாலும் முதலில் தவறுதான் அவனுக்குத் தெரியும். அதன் பிறகுதான் சேதி. அதுவே அவனுக்குச் சோறும் போட்டது. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் புதுச்சேரியில் சில உண்டு. அப்படி ஒன்றில் அவன் பதினோரு வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தான். ஜப்பானிலும் போலந்திலும் இருக்கும் விஞ்ஞானிகள் தட்டுத்தடுமாறி எழுதிய ஆங்கிலம் அவன் மேசைக்கு வந்து, ஒழுங்காகி, லண்டனில் அச்சேறும்.

"நான் தொடலேன்னா அவங்க கட்டுரையெல்லாம் குப்பைக்குத்தான் போவும்" என்று மனைவி நிர்மலாதேவியிடம் சொல்வான். தனியார் கிளினிக் ஒன்றின் லேபில் வேலை பார்த்த நிர்மலா, "ஆமா, அவங்க கண்டுபுடிச்ச மருந்தையும் நீங்கதான் திருத்துனீங்க" என்பாள்.

அந்த ஆங்கிலம் அவனுக்கு வீட்டிலிருந்து வந்ததல்ல. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஊரின் உப்பளம் பகுதியில் ஒற்றை அறை வீடு, அரசுப் பள்ளியில் தமிழ் வழிப் படிப்பு. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. செம்மல் எழுந்து, "மை ஃபாதர் இஸ் ஒர்க் இன் மில்" என்றான். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார். மூன்று வருடம் அந்த வாக்கியத்தை அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் பழைய புத்தகக் கடையில் ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கி, அட்டை பிய்ந்துபோகும் வரை படித்தான். படிப்பு முடிந்தபோது அவனுடைய ஆங்கிலத்தில் குறை சொல்ல அந்த வகுப்பில் ஆளில்லை. இந்தக் கதையை அவன் நிர்மலாவிடம்கூடச் சொன்னதில்லை.

கம்பெனி வேலையில் இருந்த அந்த நாட்களில் 'பாண்டி பெஞ்ச்' என்று ஒரு இணையதளம் இருந்தது. ஊர்க்காரர்கள், படிக்க வந்தவர்கள், பிரான்சுக்குப் போய்விட்டவர்கள் என்று தொள்ளாயிரம் பேர் அதில் இருந்தார்கள். வீடு வாடகை, வேலை, உதவி, சினிமா, நகைச்சுவை என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கும். எல்லோருடைய கணினியிலும் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. அதை மேற்பார்வை பார்த்த மூன்று பேரில் செம்மலும் ஒருவன். யார் எழுதியதையும் நீக்கவோ, வேறு பகுதிக்கு மாற்றவோ அவனுக்கு அதிகாரம் இருந்தது.

நகைச்சுவைப் பகுதியில் அவன் 'இன்றைய முத்து' என்று ஒன்று நடத்தினான். யாராவது தப்பும் தவறுமாக எழுதியதை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கிண்டல் எழுதி, கடைசியில் அழகாகத் திருத்திக் காட்டுவான். தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான். பாரிஸிலிருந்து ஒருவர், காலையில் காப்பியோடு செம்மலின் முத்து இல்லாவிட்டால் நாளே விடிவதில்லை என்று எழுதியிருந்தார். செம்மல் அதை நிர்மலாவுக்குப் படித்துக் காட்டினான்.

"எழுதுனவங்க படிச்சா வருத்தப்பட மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"கத்துக்குவாங்க" என்றான்.

2006 மார்ச் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தளத்தைத் திறந்தபோது, உதவிப் பகுதியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுதியவர் பெயர் கன்னியப்பன். அதுதான் அவருடைய முதல் பதிவு.

"மை சிஸ்டர் இஸ் டெலிவரி ஆபரேஷன் தர்ஸ்டே. ஷீ வாண்ட் பாம்பே பிளட். டூ யூனிட் வாண்ட். எனி பர்சன் பாம்பே பிளட் ப்ளீஸ் கால் மீ. ஐ வில் நாட் ஃபர்கெட் டில் டெத்."

கீழே ஒரு செல்போன் எண்.

தங்கைக்கு வியாழக்கிழமை பிரசவ ஆபரேஷன், ரத்தம் தேவை என்கிறார் என்பது செம்மலுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 'பாம்பே பிளட்' என்ற இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தத்தில் பாம்பே என்ன, மெட்ராஸ் என்ன? பக்கத்து மேசை நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவரும் சிரித்தார். இப்படி ஒரு முத்து மாதக் கணக்கில் கிடைத்ததில்லை.

பத்து நிமிடத்தில் எழுதி முடித்தான். 'சகோதரி ஆபரேஷனாக இருக்க முடியாது. அவருக்கு ஆபரேஷன் நடக்கலாம். பாம்பே பிளட் என்பது தவறு. பாம்பேயிலிருந்து ரத்தம் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஏன் பாம்பேயிலிருந்து? பாண்டிச்சேரி ரத்தம் சிவப்பாக இல்லையா? சாகும் வரை மறக்க மாட்டேன் என்கிறார். நாங்களும் இதை மறக்க மாட்டோம்.' இவ்வளவையும் நறுக்கான ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கடைசியில் வழக்கம்போலத் திருத்திய வடிவத்தைக் கொடுத்தான். "ஐ ரிக்வயர் டூ யூனிட்ஸ் ஆஃப் பிளட் ஃப்ரம் பாம்பே" என்று தொடங்கி நான்கு வாக்கியங்கள், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல்.

பிறகு பதிவை உதவிப் பகுதியிலிருந்து எடுத்து நகைச்சுவைப் பகுதியில் போட்டான். விளையாட்டுக்கு யாராவது போன் செய்து அந்த ஆளைத் தொந்தரவு செய்வார்களே என்று நினைத்து, செல்போன் எண்ணை நீக்கினான். அதை ஒரு நல்ல காரியமாகத்தான் அவன் நினைத்தான்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

புதன்கிழமை கன்னியப்பன் மறுபடி எழுதினார். "தேங்க்ஸ் ஃபார் கரெக்ஷன் சார். சாரி மை இங்கிலீஷ் மிஸ்டேக். பட் பிளட் ஸ்டில் நாட் கெட். டுமாரோ ஆபரேஷன். ப்ளீஸ் சார்."

செம்மல் அதைப் படித்தான். நன்றி சொல்கிறாரே என்று இருந்தது. பதிவைத் திரும்ப உதவிப் பகுதிக்கே மாற்றி, ஆஸ்பத்திரி ரத்த வங்கியைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தான். அதற்குள் மேலதிகாரி கூப்பிட்டார். அன்றைக்கு மாலைக்குள் ஒரு இதழ் முழுவதும் போயாக வேண்டும். திரும்பி வந்தபோது அதே பதிவின் கீழ் இன்னும் பத்துப் பேர் வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை மூடினான். வியாழன் வேலை நெருக்கியது. வெள்ளி அவன் தளத்தைத் திறக்கவேயில்லை.

சனிக்கிழமை காலை அவனுக்குத் தனிச் செய்தி ஒன்று வந்திருந்தது. உப்பளத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோபிநாத் என்பவர் எழுதியிருந்தார். 'நான் பாம்பே குரூப் ரத்தக்காரன். இந்தத் தளத்தில் சேர்ந்ததே யாராவது கேட்டால் கொடுப்பதற்காகத்தான். உதவிப் பகுதியைத் தவிர வேறெதையும் நான் பார்ப்பதில்லை. உன் ரத்தத்தை வைத்து ஊரே சிரிக்கிறது என்று நண்பர் ஒருவர் நேற்று இதை அனுப்பினார். அந்த ஆளின் எண்ணை எதற்கு எடுத்தீர்கள்? உடனே என்னைக் கூப்பிடுங்கள்.'

செம்மல் அதை மூன்று முறை படித்தான். சமையலறையில் நிர்மலா தாளித்துக்கொண்டிருந்தாள்.

"நிர்மலா, பாம்பே குரூப்புன்னு ரத்தத்துல ஒண்ணு இருக்குதா?"

"இருக்குது. ஏன்?"

"அது என்னாது?"

"சாதாரணமா டெஸ்ட் பண்ணா ஓ குரூப்பு மாரி தெரியும். ஆனா ஓ ரத்தத்தையும் ஏத்த முடியாது, ஏத்துனா ஆளே போயிடும். அதே பாம்பே குரூப்புதான் வேணும். பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இருந்தா பெருசு. மொதமொதல்ல பாம்பேல கண்டுபுடிச்சாங்க, அதனால அந்தப் பேரு. நானே சர்வீஸ்ல ஒரே ஒருத்தரத்தான் பாத்திருக்கேன்." அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்னாங்க, ஏன் இப்டி நிக்கறீங்க?"

நீக்கிய எண் மேற்பார்வைக் குறிப்பில் இருந்தது. செம்மல் அழைத்தான். நான்கு முறை மணி அடித்த பிறகு ஒரு குரல், "அலோ" என்றது.

"கன்னியப்பனுங்களா? பாண்டி பெஞ்ச் வெப்சைட்டுலேர்ந்து பேசறேன். நீங்க ரத்தம் கேட்டிருந்தீங்க... ஒருத்தர் இருக்காரு, உப்பளத்துல. பாம்பே குரூப்பு."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

"வேணாம் சார்" என்றார் கன்னியப்பன். "வியாழக்கெழமயே போயிட்டா."

செம்மல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தேடி போன் பண்ணீங்களே, ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கோபிநாத்திடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நாளைக்கி ஞாயித்துக்கெழம. நான் அவங்க வீட்டுக்குப் போவணும் சார். நீங்களும் வரணும்" என்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான மனிதர். மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து செம்மலை ஏற்றிக்கொண்டார். வழி கேட்பதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

சேதராப்பட்டில் தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் வீடு. வாசலில் பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கன்னியப்பன் அதில் இரண்டை எடுத்துப் போட்டார். முப்பது வயது, தாடி முளைத்த ஒல்லியான முகம். அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. உள்ளே தூளியில் குழந்தை தூங்கியது. அதன் பக்கத்தில் அவருடைய அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இவ்ளோ தூரம் வந்தீங்களே சார்" என்றார். "நீங்கதான் அந்த ரத்தக்காரரா?"

கோபிநாத் தலையசைத்தார். "எனக்கு முந்தாநேத்துதாங்க தெரியும்."

"பரவால்ல சார். உங்க தப்பு என்னா இருக்குது?"

கேட்காமலேயே அவர் எல்லாவற்றையும் சொன்னார். தங்கை பெயர் அஞ்சலாட்சி. இருபத்தைந்து வயது. புருஷன் ராமலிங்கம் துபாயில் கட்டட வேலையில் இருந்தான். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் இந்த வகை என்று தெரிந்தது. அண்ணனுக்கும் பொருந்தவில்லை, அம்மாவுக்கும் பொருந்தவில்லை.

"டாக்டருங்கள கொற சொல்ல முடியாது சார். எங்கெங்கயோ போன் பண்ணாங்க. ரெண்டு வேணும்னாங்க, மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணு வந்துச்சி. இன்னொண்ணுக்கும் சொல்லி வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள வியாழக்கெழம விடியக்காத்தால ரத்தம் போவ ஆரம்பிச்சிடுச்சி. புள்ளய எடுத்துட்டாங்க. அவளுக்கு நிக்கல."

செம்மல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார், அதான் வெனயாப் போச்சி" என்றார் கன்னியப்பன். "ஐடிஐ படிச்சதோட சரி. கோரிமேட்டுல ஒரு பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து நானா தப்புத் தப்பா அடிச்சிட்டேன். அந்த வெப்சைட்டுல ஒரு சாரு அத அழகா திருத்திக் குடுத்திருந்தாரு. கூட வேற என்னென்னவோ எழுதியிருந்தாரு, அது எனக்கு முழுசா வெளங்கல. திருத்துனத மட்டும் பாத்து எழுதிக்கிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நீல மையில் பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக வரைந்தது போல, செம்மலின் நான்கு வாக்கியங்களும் அதில் இருந்தன. காற்புள்ளிகள்கூட இருந்தன.

"இதத்தான் எங்க கம்பெனி ஆபீஸ்ல குடுத்தேன். நாலு ஊர்ல எங்களுக்கு ஃபேக்டரி இருக்குது சார். மேனேஜரு எல்லாருக்கும் மெயில் போட்டாரு. ஆயிரத்தைநூறு பேருக்குப் போச்சாம். யார்னா ஒருத்தரு இருப்பாங்கன்னு நெனச்சேன். பாம்பேலேர்ந்து எப்டிங்க கொண்டாறதுன்னு ரெண்டு பேரு கேட்டாங்க. எங்க ரத்தம் வேணும்னா எடுத்துக்கன்னு ஆறு பேரு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க பாவம். அது சேராதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

கோபிநாத் கை நீட்டி நோட்டை வாங்கிப் படித்தார். முதல் வாக்கியத்தில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து செம்மலைப் பார்த்தார்.

"திருத்துனது நான்தாங்க" என்றான் செம்மல்.

கன்னியப்பனின் முகம் சட்டென்று மாறியது. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். "நீங்களா சார்! யாருன்னே தெரியாத ஆளுக்கு ஒக்காந்து அவ்ளோ..."

"கும்புடாதீங்க." செம்மலும் எழுந்துவிட்டான். "நான் ஒங்களுக்கு ஒதவி பண்ணல. கிண்டல் பண்ணேன். எல்லாரும் சிரிக்கறதுக்காக அத அந்த எடத்துலேர்ந்து எடுத்து ஜோக்கு போடற எடத்துல போட்டேன். ஒங்க நம்பர நான்தான் எடுத்துட்டேன். பாம்பே பிளட்டுன்னு ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. நீங்க எழுதுனதுதாங்க சரி. நான் திருத்துனதுதான் தப்பு."

கூப்பிய கைகள் மெதுவாக இறங்கின. கன்னியப்பன் நோட்டைக் கோபிநாத்திடமிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

"பாம்பே பிளட்டுதான் சரியா?"

"அதாங்க சரி."

"டாக்டர் குடுத்த சீட்டுல அப்டித்தான் சார் எழுதியிருந்துச்சி. அதப் பாத்துதான் நான் அடிச்சேன். அப்புறம் நீங்க எழுதுனதப் பாத்துட்டு, டாக்டரு அவசரத்துல தப்பா எழுதிட்டாரு போலருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

உள்ளே தூளி அசைந்தது. அம்மா எழுந்து அதை ஆட்டும் சத்தம் கேட்டது.

"சிரிக்கறதுக்கா சார்?" என்று கேட்டார் கன்னியப்பன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். "டெலிவரின்னு இருக்குது, ஆபரேஷன்னு இருக்குது. அதுல சிரிக்க என்னா சார் இருந்துச்சி?"

"மன்னிச்சிடுங்க" என்று சொன்னபோது அந்தச் சொல் செம்மலுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"கெளம்புங்க சார். எங்கம்மா காதுல விழுந்தா தாங்க மாட்டாங்க. அவங்க மெட்ராஸ்லேர்ந்து வர்ற வண்டி லேட்டாயிடுச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அப்டியே இருக்கட்டும்."

கோபிநாத் உடனே கிளம்பவில்லை. உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். கன்னியப்பனிடம் தன் எண்ணை எழுதிக் கொடுத்து, "பாப்பாவுக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணி வெச்சிருங்க. எப்ப என்னான்னாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்றார். செம்மலை வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "ஒங்களுக்கு ஆறுதலா ஒரு வார்த்த சொல்லணும்னு வழியெல்லாம் பாக்கறேன் சார். வரல" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அன்று மத்தியானம் செம்மல் நிர்மலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கல்லூரியில் தன்னைப் பார்த்துச் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னான்.

"ரெண்டாவது யூனிட் இருந்திருந்தா பொழச்சிருப்பாளா?" என்று கேட்டான்.

"தெரியல. அந்த மாரி ரத்தப்போக்குக்கு ரெண்டும் பத்தாமப் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." பிறகு அவளே, "ஆனா அந்த ரெண்டாவது யூனிட் கைல இருந்திருக்கும்" என்றாள். சொன்ன பிறகு அவன் தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்து போனான்.

தளத்தில் நடந்ததை அப்படியே எழுதினான், தன் பெயரோடு. எண்ணை நீக்கியது, பகுதியை மாற்றியது, புதன்கிழமை பார்த்தும் சும்மா விட்டது, எதையும் மறைக்கவில்லை. நிறையப் பேர் வருத்தம் தெரிவித்தார்கள். உங்கள் மேல் தவறில்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று பாரிஸ்காரர் எழுதினார். ஒருவர், சோகம்தான், ஆனாலும் அவசரத்துக்கு உதவி கேட்பவர்கள் தெளிவாக எழுதப் பழக வேண்டாமா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிலர் ஆமாம் போட்டார்கள். செம்மல் 'இன்றைய முத்து' எல்லாவற்றையும் அழித்தான். மூன்று வருடத்தில் இருநூறுக்கு மேல் இருந்தது. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தான். வேலை கேட்டவர்கள், வீடு கேட்டவர்கள், காணாமல் போன நாய்க்குட்டியைத் தேடியவர்கள். என்ன கேட்டார்கள் என்பதையே அவன் இப்போதுதான் படிக்கிறான் என்று தோன்றியது. பிறகு மேற்பார்வைப் பொறுப்பை விட்டு விலகினான்.

வேலையை விட முடியவில்லை. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஆனால் கை முன்போல ஓடவில்லை. ஒரு சொல்லை மாற்றுவதற்கு முன், இது இந்தத் துறையில் வழங்கும் சொல்லாக இருக்குமோ என்று தேடிப் பார்ப்பான். அப்படியும் தீராவிட்டால், நீங்கள் சொல்ல நினைப்பது இதுதானா என்று கட்டுரையாளருக்குக் கேள்வி எழுதுவான். நாளுக்கு நாற்பது பக்கம் முடித்தவன் பதினைந்தில் நின்றான். மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வருடம் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவன் காரணம் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் மாலை செல்போன் அடித்தது. அந்த எண்ணை அவன் பெயர் போட்டு வைக்கவில்லை, பார்த்ததும் தெரிந்தது.

"கன்னியப்பன் பேசறேன். ஒரு லெட்டர் எழுதணும் சார், இங்கிலீஷ்ல. நீங்க வீட்ல இருப்பீங்களா?"

அரை மணியில் வந்தார். நிர்மலா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்; காப்பி வேண்டாம் என்றுவிட்டார். மனைவியின் காரியத்துக்கு வந்துவிட்டுத் துபாய்க்கே திரும்பிய ராமலிங்கம், இப்போது ஒப்பந்தம் முடியும் முன்பே ஊருக்கு வரப் பார்க்கிறான். கம்பெனி விடவில்லை. வீட்டு நிலைமையைச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்தால் யோசிப்பார்களாம்.

"எங்கம்மாவுக்கு முடியல சார். நான் ஷிஃப்டுக்குப் போயிடறேன். புள்ளயப் பாக்க ஆளில்ல. அத எழுதுங்க."

செம்மல் பேனாவை எடுத்தான். ஒவ்வொரு வாக்கியமாக எழுதி, அதைத் தமிழில் சொல்லி, சரிதானா என்று கேட்டுக் கேட்டு எழுதினான். கன்னியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எழுதும் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலாட்சியின் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது.

"செத்துப்போயிட்டான்னு எழுதுங்க" என்றார் கன்னியப்பன். "தேதி போடுங்க. ஏன் செத்தான்னு எழுத வேணாம்."

செம்மல் எழுதினான். இரண்டே வரி. அதைப் படித்துக் காட்டினான். கன்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கையெழுத்துப் போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க. இத இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டுதான் கையெழுத்துப் போடுவேன்."

"காட்டுங்க" என்றான் செம்மல். "கண்டிப்பா காட்டுங்க."

மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கம்பெனி மேனேஜரிடம் காட்டியாயிற்று, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடமும் காட்டியாயிற்று, சரியாக இருக்கிறதாம், அனுப்பிவிட்டேன் என்றார். போனை வைத்துவிட்டார்.

டிசம்பரில் ராமலிங்கம் ஊருக்கு வந்துவிட்டான் என்று கோபிநாத் சொன்னார். அவர் மாதம் ஒருமுறை சேதராப்பட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். குழந்தை இப்போது தவழ்கிறது. அப்பாவைப் பார்த்ததும் வேற்று ஆள் என்று வீறிட்டு அழுதது. இரண்டு நாள் அவன் கைக்கே போகவில்லை. மூன்றாம் நாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டருகே தானாகவே வந்து உட்கார்ந்தது என்றார். செம்மல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நானும் ஒரு நாள் வரட்டுமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கோபிநாத்தின் முகத்தைப் பார்த்தான், கேட்காமல் விட்டுவிட்டான்.